கவுன்சில் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள், தம்பி

தம்பி, குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு என்ன கோட் வாங்குவது, முருங்கைக்காய் எங்கே மலிவு, மகளுக்கு நடுவருடத்தில் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள். தெருவில் பார்க்கிங் பெர்மிட் (குடியிருப்பவர்கள் பணம் கட்டிப் பெர்மிட் வாங்கிக் காரை நிறுத்தும் முறை) கொண்டுவரலாமா என்று கவுன்சில், அதாவது நம் ஊர் மாநகராட்சி மாதிரியான அமைப்பு, கருத்துக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது, வாசலில் ரோடோ குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, "வாடகைக்கு இருக்கிற நமக்கு எதற்கு வம்பு" என்று நண்பர் சொல்கிறார், கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று. கோட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், பள்ளி விஷயத்தை முடிவில் சொல்கிறேன்.

தூக்கிப் போடாதீர்கள். 2004ல் நாங்கள் வந்து இறங்கியபோது என் கணவரின் நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். "வந்தோமா, சம்பாதித்தோமா, ஊரில் ஒரு பிளாட் வாங்கினோமா என்று இருக்கணும்." சொன்னவர்களில் ஒருவரும் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. எல்லாரும் இங்கேயே வீடு வாங்கி, முட்டிவலி வந்து, இன்றைக்கு அதே உடைந்த நடைபாதையில் தட்டுத்தடுமாறி நடக்கிறார்கள்.

வாடகைக்கு இருக்கிறவர் என்கிறீர்கள். கவுன்சில் டாக்ஸ் யார் பெயரில் வருகிறது? ஊரில் சொத்து வரி வீட்டுக்காரர் தலையில் விழும். இங்கே குடியிருப்பவர் தலையில். வீடு 1991 ஏப்ரலில் என்ன விலை போயிருக்கும் என்று பார்த்து ஏ முதல் எச் வரை வகை பிரித்துப் போட்ட வரிப் பட்டியல்தான் இங்கிலாந்தில் இன்றும் ஓடுகிறது. "இவ்வளவு வாங்குகிறார்களே, ஒரு குழியை மூடக்கூடாதா" என்று பொருமியிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் கவுன்சில் பணத்தில் பெரும்பங்கு முதியோர் பராமரிப்புக்கும், ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்கும் போகிறது. ரோட்டுக்கு ஒதுக்குவது எப்போதும் பற்றாது. அதில் எந்தத் தெருவுக்கு முதலில் தார் போடுவது என்பதில் வாயுள்ள தெரு ஜெயிக்கும். நான் பார்த்தவரை அப்படித்தான்.

குழி யாருடையது என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட பெரிய சாலை என்றால் அது லண்டன் போக்குவரத்துத் துறையின் கையில், அவர்களிடம் சொல்ல வேண்டும். எம் எண் கொண்ட மோட்டார்வேக்கு நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனம். மற்றபடி உங்கள் தெரு உங்கள் பரோ (லண்டனின் உள்பிரிவு) கவுன்சிலுடையது. (நாளைக்கு வாடகை குறைவு என்று லண்டனுக்கு வெளியே கென்ட் பக்கம் போனால் கணக்கு மாறும். குப்பைக்கு மாவட்டக் கவுன்சில், ரோட்டுக்குக் கவுன்ட்டி கவுன்சில் என்று இரண்டு கதவு தட்ட வேண்டியிருக்கும்.) கவுன்சிலின் இணையதளத்திலேயே புகார் போடலாம். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்று 2007 முதல் ஒரு தளம் இருக்கிறது, இடத்தைக் குறித்தால் உரிய அலுவலகத்துக்கு அதுவே அனுப்பிவிடும். எதில் போட்டாலும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். போனில் சொல்லிவிட்டேன் என்பதெல்லாம் பிறகு செல்லாது.

எண் எதற்கு என்றால், 1980ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58ஆவது பிரிவு. குழியில் இறங்கி உங்கள் கார் டயர் வெடித்தது என்று இழப்பீடு கேட்டால், "முறைப்படி அந்தத் தெருவைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தோம், குழி எங்களுக்குத் தெரியாது" என்று காட்டி கவுன்சில் தப்பித்துக்கொள்ள இடம் கொடுக்கிற பிரிவு அது. யாராவது முன்பே புகார் கொடுத்து, கவுன்சில் அதைக் கிடப்பில் போட்டிருந்தால் அந்தத் தப்பித்தல் கஷ்டம். உங்கள் புகார் உங்களுக்கு உதவாமல் போகலாம், அடுத்து விழுகிறவருக்கு உதவும்.

எனக்கு உதவியது அப்படி யாரோ கொடுத்த ஒரு புகார்தான். டிசம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டு. மகனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறேன். மரத்து வேர் தூக்கிவிட்ட நடைபாதைக் கல்லில் சக்கரம் முட்டி நின்றது, நான் அதற்கு மேலே போய் விழுந்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அப்போது ஏஜென்சி மூலமாக முதியோர் இல்லத்தில் வேலை, போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. கவுன்சிலுக்கு எழுதினேன். சோதித்ததாகவும், கல் அவர்களுடைய அளவுக்கு மேல் எழும்பவில்லை என்றும் பதில் வந்தது. பல கவுன்சில்களில் நடைபாதைக்கு 20 மில்லிமீட்டர், ரோட்டுக்கு 40 என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் அவர்கள் கணக்கில் அது பழுதே இல்லை.

எதிர் வீட்டில் ஓர் ஐரிஷ் பாட்டி இருந்தார். அதுவரை எங்களுக்குள் வெறும் 'குட் மார்னிங்'தான். என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, தையல் பெட்டியில் இருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் கல்லின் விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி, நல்ல கையால் பிடிக்கச் சொல்லி, மண்டியிட்டுப் போட்டோ எடுத்தார். 34 மில்லிமீட்டர். தகவல் அறியும் சட்டப்படி அந்தத் தெருவுக்கு வந்த புகார்களையும் சோதனைப் பதிவுகளையும் கேட்டு எழுத வைத்ததும் அவர்தான். இங்கே அந்தச் சட்டம் 2005 ஜனவரியில் அமலுக்கு வந்தது, 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த தாள்களில், நான் விழுவதற்குப் பல மாதம் முன்பே அதே கல்லைப் பற்றி யாரோ புகார் கொடுத்திருந்தது இருந்தது. கவுன்சில் இழப்பீடு கொடுத்தது. பெரிய தொகை இல்லை, சம்பளம் போன வாரங்களுக்கு ஈடாயிற்று. அந்தப் பாட்டியின் வீட்டு அலமாரி முழுக்கக் கவுன்சில் கடிதங்கள். ஒவ்வொரு தெருவிளக்குக்கும் ஒரு ஃபைல் வைத்திருந்தார். நம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளுக்கு மஞ்சள் பையோடு வருகிற பெரியவர்களில் ஒருவர் இங்கே வந்து பிறந்துவிட்டாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, பார்க்கிங் கடிதம். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் முதல் கட்டம். வேண்டுமா, வேண்டாமா, எந்த நேரத்துக்கு என்று கேட்பார்கள். அதை வைத்துத் திட்டம் தீட்டினால், சட்டப்படி இரண்டாவது முறை அறிவிப்பு வரும், ஆட்சேபிக்கக் குறைந்தது 21 நாள் தர வேண்டும். இந்த அறிவிப்பைத் தெருவிளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். நம்மவர்கள் அதன் கீழேயே நின்று, ஊரில் நிலம் என்ன விலை போகிறது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், தலையைத் தூக்கிப் படிக்க மாட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பக்கத்துத் தெரு. பல இடங்களில் கவுன்சில் தெருத் தெருவாகத்தான் பதில்களை எண்ணுகிறது. எங்கள் தெருவில் சில வீடுகள்தான் பதில் போட்டன. பக்கத்துத் தெருவில் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாரையும் பதில் போட வைத்தார். அவர்களுக்குப் பெர்மிட் வந்தது, ஸ்டேஷனுக்குப் போகிறவர்களின் கார் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தது. ஆகவே நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதினாலும், 'பக்கத்துத் தெருவுக்கு வந்தால் எங்களுக்கும் வேண்டுமா' என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லாவிட்டாலும் கீழே கருத்துப் பெட்டியில் எழுதலாம். வீட்டுக்கு ஒரு பதிலா, ஆளுக்கு ஒரு பதிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பெர்மிட் எல்லாம் பணம் பறிக்கத்தான்" என்று உங்கள் நண்பர் சொல்வார். முழுப் பொய்யும் இல்லை. பார்னெட் கவுன்சில் 2011ல் 40 பவுண்டு பெர்மிட்டை 100 ஆக்கியது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள், 2013ல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. பொதுச் செலவுக்கு வருமானம் தேடப் பார்க்கிங் கட்டணத்தை ஏற்ற முடியாது. பணம் பறிக்கிறார்கள் என்று டீக்கடைப் பேச்சாகப் பேசாமல், அதைக் காகிதத்தில் எழுதி நிரூபித்தவர்கள் ஜெயித்தார்கள்.

கருத்துக் கேட்பதிலும் சட்டம் இருக்கிறது. பிரென்ட் பரோவில் பள்ளிகளை மூட முயன்றபோது பெற்றோர்கள் போட்ட வழக்கில், 1985ல், நாலு விதி வந்தது. முடிவு எடுக்கும் முன்னே கேட்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்லத் தேவையான விவரம் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த பதில்களை மனசாட்சியோடு பார்க்க வேண்டும். ஹாரிங்கே கவுன்சில் ஏழைகளுக்கான வரிச் சலுகையைக் குறைக்கக் கருத்துக் கேட்டபோது மாற்று வழிகளைச் சொல்லாமல் மறைத்தது சரியில்லை என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த விதிகளை வைத்துத்தான்.

அதற்காகக் கேட்டபடி செய்துவிடுவார்கள் என்று கனவு காணாதீர்கள். அதே பிரென்டில் 2011ல் பன்னிரண்டு நூலகங்களில் ஆறை மூடினார்கள். அவற்றில் ஒன்றான கென்சல் ரைஸ் நூலகம் 1900ல் மார்க் ட்வெய்ன் வந்து திறந்துவைத்தது. மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், மேல்முறையீடும் செய்தார்கள், இரண்டிலும் தோற்றார்கள். கேட்பது கவுன்சிலின் கடமை, கேட்டபடி நடப்பது கடமை இல்லை. ஆனாலும் ஒரு பிடி கிடைக்கிறது. பதிலே போடாத தெருவுக்கு அந்தப் பிடியும் கிடையாது.

நம்மவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொங்கல் விழாவில் சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே கவுன்சிலைத் திட்டுவார்கள். அடுத்த வாரம் சர்ச் ஹாலில் கவுன்சில்காரர்கள் வரைபடத்தை விரித்து வைத்து, வேகத்தடை எங்கே வேண்டும் என்று கலர் பொட்டு ஒட்டச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். மாலை ஏழு மணிக்குச் சீரியல். சங்கத் தலைவர் நம் எல்லார் சார்பிலும் பேசிவிட்டார் என்பார்கள். தலைவர் பேசியது தன் ஹாலுக்கு வாடகை குறைக்கச் சொல்லி. இன்னும் சிலர் வீட்டு முன் தோட்டத்தை முழுக்க சிமென்ட் போட்டு மூடி, நடைபாதை விளிம்பைத் தாழ்த்த அனுமதி வாங்காமலே அதன் மேல் காரை ஏற்றி நிறுத்துவார்கள். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அவர்களே புகார் சொல்வார்கள். 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட 2008 முதல் திட்ட அனுமதி வேண்டும் என்பது அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வீட்டுக்காரர் செய்து வைத்திருந்தால் அதில் காரை ஏற்றாதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். பழைய சோபாவை ராத்திரியில் தெருமுனையில் வைத்துவிட்டு வருவதும் கூடாது.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் நம்மில் உண்டு. வெஸ்ட் ஈலிங்கில் கோடையில் அம்மன் தேர் தெருவுக்கு வருகிறதே, அது சும்மா நடக்கிற காரியமா? பஸ்ஸை எந்த வழியில் திருப்புவது, தேங்காய் உடைத்த தெருவை யார் கூட்டுவது என்று உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் வடம் பிடிக்க முடியும். ஈழத்து ஆட்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். திரும்பிப் போக வழியில்லாமல் வந்தவர்கள், வந்த நாளிலேயே இது தங்கள் தெரு என்று எடுத்துக்கொண்டார்கள். நாம் விசா முத்திரையைப் பார்த்துக்கொண்டே பத்து வருடத்தை ஓட்டிவிடுகிறோம்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், விசாவில் இருந்தாலும் பதிவு செய்துகொண்டு கவுன்சில் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். வந்த புதிதில் இதை எனக்கு ஒரு தமிழரும் சொல்லவில்லை, அந்தப் பாட்டிதான் சொன்னார். ஆன்லைனில் பதிவு செய்யும்போது தேசியக் காப்பீட்டு எண்ணை (நேஷனல் இன்ஷூரன்ஸ்) கேட்பார்கள். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை காட்ட வேண்டும், உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், கடன் கேட்கும்போது பார்க்கிற கிரெடிட் ஸ்கோரும் ஏறலாம். ஜனநாயகத்துக்காக நகராத நம் ஆட்கள் அதற்காகவாவது நகருகிறார்கள். வார்டுக்கு இரண்டு மூன்று கவுன்சிலர்கள் இருப்பார்கள். பதில் போட்டுவிட்டு அதன் நகலை அவர்களுக்கும் மின்னஞ்சல் செய்யுங்கள், நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

பள்ளி விஷயமும் கவுன்சில் வழியாகத்தான் போகிறது. ஜனவரி 15, அக்டோபர் 31 என்று நீங்கள் கேள்விப்படும் கடைசித் தேதிகள் வருடத் தொடக்கத்தில் ரிசப்ஷனிலும் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) ஏழாம் வகுப்பிலும் சேர்ப்பவர்களுக்கு. உங்கள் மகள் நடுவில் சேர்வதால் அவை பொருந்தாது. கவுன்சில் இணையதளத்தில் வருட நடுச் சேர்க்கை என்று தனிப் படிவமோ, பள்ளியிடமே கேட்கும் வழியோ இருக்கும், அதை இன்றைக்கே பாருங்கள். கவுன்சில் டாக்ஸ் பில்லை முகவரிச் சான்றாகக் கேட்பார்கள். பக்கத்துப் பள்ளியில் இடமில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடச் சொல்லுங்கள். இங்கே குடும்பங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இடம் திறக்கும்.