எந்த நாளில் பாடியது? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

நான் மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கூட்டாளிகள் ஐந்தாறு பேருக்கு இத்தாலியப் பாடகர் அந்திரேயா பொச்செல்லி என்றால் உயிர். ஒபேரா என்கிற மேற்கத்திய இசைநாடகப் பாட்டையும் மெல்லிசையையும் ஒரே மேடையில் பாடுகிறவர் என்பதால்தான் எங்களைப் போன்ற ஆட்களுக்கும் அவர் எட்டினார் என்று நினைக்கிறேன். அவருடைய மேடை நிகழ்ச்சிகளில் எது சிறந்தது என்று போனில் மாறி மாறி அனுப்பிக்கொண்டே இருப்போம். ஒருத்திக்கு நியூயோர்க் சென்ரல் பார்க், ஒருவனுக்கு மிலான் பேராலயம், எனக்கு லெஸ்ரர் உதைபந்தாட்ட மைதானம். யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிற தோழி மட்டும், "ஒபேராக்காரர்களே அவரை முழுதாக ஏற்கவில்லை, மைக் இல்லாவிட்டால் அவர் குரல் கேட்காது" என்கிறாள்.

இப்போது எங்கள் வாசிகசாலையில் ஒரு பின்னேரம் இவற்றை எல்லோருக்கும் போட்டுக்காட்ட நினைத்திருக்கிறோம். திரையும் ஸ்பீக்கரும் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு தெரிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் என்பது திட்டம். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். மொழி விளங்காது, ஆளையும் தெரியாது. எதைப் போடலாம்? தோழிக்கு என்ன பதில் சொல்வது?

வாசகி, மல்லாவி
(பெயரைத் தவிர்த்திருக்கிறேன்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் நேர்ப்பதில். இரண்டு இரண்டு நிமிடமாக வெட்டிப் போடாதீர்கள். மூன்று நிகழ்ச்சி போதும். எதைப் போட்டாலும் பாட்டை முழுதாகப் போடுங்கள். அதற்கு முன் உங்களில் ஒருவர் எழுந்து, அது எந்த நாள், எந்த இடம், அன்று என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் போட்டால் வருகிறவர்களுக்கு அது ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற காணொளி, அவ்வளவுதான்.

மேடைப் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்துப் பாட்டிலிருந்து பிரிப்பது அந்த நாள்தான். இது நம்மவர்களுக்குப் புதிய விசயம் இல்லை. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியைப் பற்றிக் கதைக்கிற பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். "நல்லா வாசிப்பார்" என்று யாரும் நிறுத்துவதில்லை. எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா, எதிரே தவிலோடு நின்றது யார், மேளச்சமா எத்தனை மணிக்குச் சூடுபிடித்தது என்றுதான் தொடங்குவார்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தைப் பற்றிய கதையும் அப்படித்தான். எந்த வருசம், எந்தக் களரி, கண்ணகிக்கு ஆடினவர் யார், கூத்தை நடத்துகிற அண்ணாவியார் எந்த இடத்தில் பாட்டைத் தூக்கிக் கொடுத்தார் என்று விடியும்வரை சொல்வார்கள். நீங்கள் போனில் செய்கிறதும் இதே வேலைதான். ஆனால் காணொளியை அனுப்புகிறபோது காரணம் விட்டுப்போகிறது. "இது சூப்பர்" என்று ஒரு வரி, அப்புறம் ஒரு இருதயப் படம். அதற்குப் பதிலாக ஏன் இது, எந்த இடத்தில் என்று ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்குங்கள். உங்கள் தெரிவுகளே மாறும்.

சரி, எவை மூன்று?

ஒன்று, 1995 சன்ரெமோ. இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டி அது. முந்தைய ஆண்டு அதே மேடையில் புதுமுகங்கள் பிரிவில் வென்ற பொச்செல்லி, இந்த முறை "கொன் தே பார்த்திரோ" என்ற பாட்டோடு வந்தார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பாட்டுக்கு அன்று கிடைத்தது நான்காம் இடம். 1958இல் தொஸ்கானாவில் லயாத்திகோ என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். சட்டம் படித்துக் கொஞ்சக் காலம் வழக்கறிஞராகவும் இருந்திருக்கிறார், இரவுகளில் மதுச்சாலைகளில் பியானோ வாசித்திருக்கிறார். சன்ரெமோவில் நிற்கும்போது வயது 36. அந்தக் காணொளியில் ஆரவாரம் கிடையாது. ஒரு மனிதர், ஒரு வாத்தியக் குழு, இன்னும் பிரபலமாகாத ஒரு பாட்டு. வயதானவர்களுக்கு ஆளை அறிமுகப்படுத்த இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு, உங்களுடைய லெஸ்ரர். நீங்கள் அதைத் தெரிந்தெடுத்ததை வாசித்தபோது எனக்குப் பெரிய சந்தோசம், ஏனென்றால் என் தெரிவும் அதுதான். 2016 மே 7. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை லெஸ்ரர் சிற்றி வென்றுவிட்டது. முந்தைய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் நிலையிலிருந்து தப்பிய அணி அது. பருவத் தொடக்கத்தில் அவர்கள் வெல்வதற்குப் பந்தயக்காரர்கள் வைத்த கணக்கு ஒன்றுக்கு 5000. கிண்ணம் வாங்குகிற நாளில், ஆட்டம் தொடங்குவதற்கு முன், இத்தாலியரான பயிற்றுநர் குளோடியோ ரனியேரிக்குப் பக்கத்தில் நின்று பொச்செல்லி பாடுகிறார். மைதானத்தில் 32,000 பேர் வரை. கச்சேரி கேட்க வந்த கூட்டம் இல்லை அது. கத்தவும் கொண்டாடவும் வந்த கூட்டம். ரனியேரி கையைக் காட்டி அமைதியாக இருங்கள் என்று கேட்கிறார். பாட்டு தொடங்குகிறது.

பாடியது "நெசுன் தோர்மா", இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் "தூரந்தோத்" ஒபேராவில் வருவது. விடிவதற்குள் தன் பெயரைக் கண்டுபிடிக்காவிட்டால் இளவரசி தனக்குத்தான் என்று நிற்கிற ஒருவன், விடியலில் வெல்வேன், வெல்வேன் என்று பாடி முடிக்கிறான். அந்தக் கடைசி உச்ச சுரத்தைப் புச்சீனி மிகக் குறுகியதாகத்தான் எழுதியிருக்கிறார். அதை நீட்டிப் பிடிப்பது பாடகர்கள் பிற்காலத்தில் வழக்கமாக்கியது. 1990 உலகக்கிண்ணத்தின்போது ஒபேராப் பாடகர் பவரொற்றியின் குரலில் பிபிசி இதைத் தன் ஒளிபரப்புக்குப் பயன்படுத்தியதிலிருந்து இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கூட்டத்துக்கு இது சொந்தப் பாட்டு. ஒபேரா அரங்குக்கே போகாதவனுக்கும் அந்த உச்சம் எப்போது வரும் என்று தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பொச்செல்லிக்குப் பிறவியிலேயே கண்ணில் அழுத்த நோய். 12 வயதில் உதைபந்து விளையாடும்போது அடிபட்டு மிச்சப் பார்வையும் போய்விட்டது. லெஸ்ரரில் அவருக்கு முன்னால் நின்ற அத்தனை பேரையும் அவர் காணவில்லை. நீலச் சட்டை, கொடி, அழுகிற முகங்கள் எல்லாம் நமக்குத்தான். அவருக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். அடங்காத கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே தன் சுருதியை அவர் காதால் மட்டுமே பிடிக்கவேண்டும். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள். கடைசி வரிக்கு முன்பே கூட்டம் பொங்கத் தொடங்குகிறது, அவர் அதற்கு மேலே ஏறிப் பாடுகிறார். அதைத் தொடர்ந்து "கொன் தே பார்த்திரோ"வும் வருகிறது. சன்ரெமோவில் நான்காவதாக வந்த அதே பாட்டு, 21 வருசத்துக்குப் பிறகு. இரண்டையும் ஒரே பின்னேரத்தில் கேட்டால் குரலுக்கு வயது ஏறியதும் தெரியும், பாட்டு எவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். இரண்டு காணொளிக்கும் நடுவே பேச்சு வைக்கவேண்டாம் என்றுகூடச் சொல்வேன். லெஸ்ரர் கதையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது மிலான். 2020 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு. கொரோனாவால் மிலானைச் சுற்றியுள்ள லொம்பார்தியா மாநிலம் பிணக்காடாகியிருந்த நேரம். பேராலயத்துக்குள் சனம் இல்லை. ஓகன் என்கிற தேவாலயக் குழாய் வாத்தியத்தை வாசிப்பவர் ஒருவர், பொச்செல்லி, படப்பிடிப்பாளர்கள், அவ்வளவுதான். யூரியூப்பில் ஒரே நேரத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் பாடுகிறவரின் காதுக்கு அவர்களில் ஒருவரும் இல்லை. கல்மண்டபத்தில் தன் குரலே சுற்றித் திரும்பி வருவது மட்டும். லெஸ்ரரில் முழுக்கச் சத்தம், இங்கே சத்தமே இல்லை. அதனால்தான் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்கிறேன். குரல் இங்கே மெதுவாக, பார்த்துப் பார்த்து நடக்கிறது. எதிரொலி முடியும்வரை காத்திருந்து அடுத்த வரியைத் தொடுகிற இடங்கள் இருக்கின்றன. கடைசியில் வாசலுக்கு வெளியே வந்து, வெறிச்சோடிய சதுக்கத்தைப் பார்த்தபடி "அமேசிங் கிரேஸ்" பாடுகிறார்.

நம்முடைய நாட்டில் அன்று ஊரடங்கு. முந்தைய வருசம் உயிர்த்த ஞாயிறு அன்றுதான் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அடுத்த உயிர்ப்புத் திருநாளுக்கும் ஆலயக் கதவுகள் சனத்துக்கு மூடியே இருந்தன. இதையும் அறிமுகத்தில் சொல்லுங்கள். மிலானை நம் ஊருக்குக் கொண்டுவர வேறெதுவும் தேவையில்லை.

அன்று அவர் முதலில் பாடியது "பானிஸ் அஞ்செலிகுஸ்", சேசர் பிராங் இசையமைத்த இலத்தீன் பாட்டு. 1960களின் நடுப்பகுதி வரை இங்கேயும் பூசை இலத்தீனில்தான் நடந்தது. உங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் எண்பதைத் தாண்டிய யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிவாருங்கள், முன்வரிசையில் இருத்துங்கள். மொழி விளங்காது என்று நீங்கள் கவலைப்படுகிற கூட்டத்தில், அந்தச் சொற்களைச் சிறுவயதில் வாயால் பாடினவர்கள் இருக்கக்கூடும்.

சென்ரல் பார்க்கை நான் சேர்க்கவில்லை. 2011 செப்டெம்பர் 15, நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழு, பாடகர்கள் செலின் டியோன், ரொனி பெனற், இலவசமாகக் கேட்க வந்த பெருங்கூட்டம். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அது விருந்தாளிகளின் பட்டியலாகவே படுகிறது. வட்டாக விற்கிற இப்படிப்பட்ட பெரிய நிகழ்ச்சிகளை ஒலியும் படமும் நன்றாகத் துடைத்துத்தான் வெளியிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இருந்தும் அதைத் தெரிந்தெடுத்த உங்கள் தோழிக்கு அதில் ஒரு இடம் மனதைப் பிடித்திருக்கும். மழையும் காற்றும் அடித்த இரவு அது, அந்த இரவைப் பற்றி அவர் இரண்டு நிமிடம் பேசினால் நான் தோற்றுப்போகவும் கூடும். பேச விடுங்கள். பொச்செல்லியின் சொந்த ஊரில் 2006இலிருந்து வருசத்துக்கு ஒருமுறை நடக்கிற மலையடிவாரக் கச்சேரிகளும் இருக்கின்றன. பார்க்க அழகு, ஆனால் முதல்முறை கேட்பவர்களுக்கு இப்போது தேவையில்லை.

இனி, சங்கீதம் படிக்கிற தோழி. அவர் சொல்வதில் பாதி சரி. மைக் இல்லாத ஒபேரா அரங்கில், முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போகிற கனமான குரல் பொச்செல்லிக்கு இல்லை. 1999இல் டெட்ராயிட்டில் "வேர்த்தர்" ஒபேராவில் பாடியபோது விமர்சகர்கள் இதைத்தான் எழுதினார்கள். ரசிகர்கள் இதை மறைக்கத் தேவையில்லை. அவர் மெல்லிசை மேடையிலிருந்து வந்தவர், மைக் அவர் கலையின் பகுதி. மூச்சின் ஓரம், சொல் முடிகிற இடத்தின் மென்மை எல்லாம் மைக்கினால்தான் நமக்குக் கிடைக்கிறது. நம் சங்கீதத்திலும் இதே கதை உண்டு. மைக் வருவதற்கு முன் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே உயர்ந்த சுருதியில் பாடினார்கள். மைக் வந்த பிறகு சுருதி இறங்கியது, நுணுக்கம் கூடியது, வீச்சுக் குறைந்தது. ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. தோழியிடம் வாதாட வேண்டாம். "நெசுன் தோர்மா"வைப் பவரொற்றியின் குரலில் ஒருமுறை, லெஸ்ரரில் ஒருமுறை போட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பின்னேரத்தின் முடிவில் அவரையே விளக்கச் சொல்லுங்கள். அவரைவிட நன்றாக அதைச் செய்ய உங்களில் யாரும் இல்லை.

வயதானவர்களைப் பற்றிய உங்கள் பயத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 90களில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆக்கள் அவர்கள். ஆளைக் காணாமல், இருட்டுக்குள் இருந்து, குரலை மட்டும் வைத்துப் பாடகரை எடைபோட்டுப் பழகிய காதுகள். பொச்செல்லியை உங்களைவிட அவர்கள் நுணுக்கமாகக் கேட்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் பாட்டுக்குத் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போட்டுப் பாருங்களேன். பிறகு அதே பாட்டைப் படத்தோடு.

கோயில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடாதீர்கள். அதில் உச்ச சுரங்கள் கிழிந்துவிடும். சின்னதானாலும் நல்ல ஸ்பீக்கர் ஒன்று, மண்டபத்தின் மூலையில் இல்லாமல் ஆக்களின் காது உயரத்தில். காணொளிகளை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்பவேண்டாம்.

பிறகு, பாட்டு முடிந்ததும் வந்தவர்களிடம் கேளுங்கள்: நீங்கள் நேரில் கேட்டதில் மறக்காத பாட்டு எது, எந்தக் கோயில், எந்த வருசம்? பதிலைப் போனில் பதிந்து வையுங்கள். யாராவது இரண்டு வரி பாடிக்காட்டினால் அதையும். அந்தக் கூத்துகளுக்கும் சமாக்களுக்கும் காணொளி கிடையாது, இருப்பது இவர்களின் வாய்தான். பொச்செல்லியைத் தேடி எடுக்க எப்போதும் முடியும்.

நாள் குறித்ததும் எழுதுங்கள், நானும் வரப் பார்க்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருகிற வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அந்தக் கிழமை வாசிகசாலைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணா