தினசரிக் காரில் முதல் ஆட்டோகிராஸ்: கேள்வி பதில்

கூம்புகள் வைத்து வழி குறித்த தார்த் தளத்தில், ஒரு நேரத்தில் ஒரே கார் மட்டும் ஓடிக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஆட்டோகிராஸ் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். இதே பெயரில் மண் தளத்தில் பல கார்கள் சேர்ந்து ஓடும் பந்தயமும் சில நாடுகளில் உண்டு. அது என் துறையன்று. காரை மாற்றியமைப்பது பற்றிய கேள்விகளைக் கூடுமானவரை குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது வேலைக்குப் போய்வரும் சிறிய ஹேட்ச்பேக். அதைக் கொண்டுபோனால் ஏளனமாகப் பார்ப்பார்களா? எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கும்?

பதில்: ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள், வந்திருப்பவர்களில் பலர் உங்களைப் போலத்தான் தொடங்கியிருப்பார்கள். பெரும்பாலான தடங்களில் இரண்டாம் கியரைத் தாண்ட வேண்டியிருக்காது. ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டோமேட்டிக் கார் என்றால், வளைவின் நடுவே கியர் தானாக மாறாதபடி கியரைக் கையால் நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முந்தைய நாள் காரில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்? பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: பரிசோதகர் பார்ப்பவை கடினமானவை அல்ல. பேட்டரியைக் கையால் அசைத்தால் அது நகரக் கூடாது. பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்காமல் உறுதியாக நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் அது தடையின்றித் திரும்ப வேண்டும். எண்ணெயோ கூலண்டோ கசியக் கூடாது. டயரில் உள்நூல் எங்கும் தெரியக் கூடாது. வீல் நட்டுகளைக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குங்கள். கடைக்காரர் இயந்திரத்தால் முறுக்கிவிட்டார் என்று நம்பி வராதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது, காருக்குள் கழன்று கிடக்கும் ஒரு பொருளும் இருக்கக் கூடாது என்பதையே. தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஓட்டுநர் காலடியில் விரித்த மிதியடி என எதையும் விட்டுவைக்காதீர்கள். முதல் திருப்பத்திலேயே இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டுவரும் பாட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே போய் நின்றால், உங்கள் திறமையால் ஆவது ஒன்றுமில்லை.

கேள்வி: பிரேக் ஆயிலை மாற்றி நெடுநாளாகிறது. ஒரு நாள் ஓட்டத்துக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 தரத்தின்படி புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அத்தரம் கோரும் அளவு 155 மட்டுமே. ஆட்டோகிராஸில் ஓட்டங்கள் குறுகியவை, இடையே ஆற நேரமும் கிடைக்கும் என்பதால் திரவம் கொதிப்பது அரிது. ஆயினும் வீட்டுக்குத் திரும்புவதும் அதே காரில்தானே.

கேள்வி: ஏர் ஃபில்டரும் சைலன்ஸரும் மாற்றினால் நேரம் எவ்வளவு குறையும்?

பதில்: முதல் நாளில் அளக்கத்தக்க அளவு குறையாது.

கேள்வி: தடத்தைப் பார்த்தால் ஆரஞ்சுக் கடல்போல இருக்கிறது. வழி தவறிவிடுவேனோ என்பதுதான் என் பெரிய கவலை.

பதில்: இன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டம் தொடங்குமுன் தடத்தை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். முதல் நடையை மற்றவரோடு பேசிக்கொண்டே வீணாக்காமல், வழி எங்கே போகிறது என்பதை மட்டும் மனத்தில் பதியுங்கள். நிற்கும் கூம்புக்கு அருகில் படுக்கவைத்த கூம்பு எந்தப் பக்கம் கடக்க வேண்டும் என்பதைச் சுட்டும். இரண்டாம் நடையில், காரில் அமர்ந்திருக்கும்போது உங்கள் கண் இருக்கும் உயரத்துக்கு ஒருமுறையேனும் குனிந்து பாருங்கள்; நின்றபடி தெளிவாகத் தெரிந்த வழி அங்கிருந்து மறைந்துபோயிருக்கும். எல்லாக் கூம்புகளையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய நான்கைந்து இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டால், இடையிலுள்ளவை தாமாக வந்து சேரும்.

ஓட்டத்தின்போது, கடக்கப்போகும் கூம்பைப் பார்க்காதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. மூக்குக்கு நேரே இருக்கும் கூம்பைப் பற்றி நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் காலங்கடந்ததே. கண் எப்போதும் அடுத்த வாசலுக்கும் (கடக்க வேண்டிய கூம்புகளின் இடைவெளிக்கும்) அதற்கடுத்த வாசலுக்கும் போக வேண்டும். ஸ்லாலத்தில், அதாவது வரிசைக் கூம்புகளின் இடையே வளைந்து வளைந்து செல்லும் பகுதியில், கூம்பைக் கடக்கும் கணத்தில் கார் ஏற்கெனவே அடுத்த பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். கடந்தபின் திருப்புபவர் ஒவ்வொரு கூம்பிலும் சிறிது பிந்தி, நான்காம் கூம்பில் அதை அடித்துச் சாய்ப்பார்.

கேள்வி: அடித்தால் என்ன தண்டனை?

பதில்: அமைப்புக்கு அமைப்பு மாறும். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் சோலோ என்ற பெயரில் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில், கூம்பு சாய்ந்தாலோ அதைச் சுற்றித் தரையில் வரைந்த கட்டத்தைவிட்டு முழுவதுமாக வெளியேறினாலோ, ஒன்றுக்கு 2 நொடி சேர்ப்பார்கள். கட்டத்தின் கோட்டைத் தொட்டபடி நின்றால் தண்டனை இல்லை. வாசலைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

கேள்வி: கார் வழுக்கித் தடம் புரளாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைக்க வேண்டுமா?

பதில்: முதல் நாளில் வேண்டாம்.

கேள்வி: ஐயா, மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. அது இயங்கிக்கொண்டிருக்கும்வரை காரின் உண்மையான இயல்பே தெரியாது. வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் இன்ஜினை அடக்கிவிடுகிறது.

பதில்: அடக்குவது உண்மைதான். ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, கார் எந்த விரைவில் சுழல்கிறது என்ற இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஏதேனும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, இன்ஜின் விசையையும் குறைப்பதே அதன் வேலை. ஆனால், அது அடிக்கடி குறுக்கிடுகிறது என்றால், நீங்கள் தேவைக்கு மேல் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள் அல்லது முன்னதாகவே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள் என்பதையே கருவிப் பலகையில் மினுக்கும் விளக்கு சொல்கிறது. சம்பளமில்லாத ஆசிரியரை முதல் வகுப்பிலேயே வெளியேற்றுவானேன்? விளக்கு அரிதாகவே எரியும்படி ஓட்ட வந்தபின், ஒருங்கிணைப்பாளரின் இசைவோடு அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் அவர் கட்சி. அணைக்கும் பொத்தான் இல்லாத கார்களில், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் போதும், எல்லாம் அணைந்துவிடும்.

பதில்: இதை யாரும் செய்யக் கூடாது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பைப் பகிர்கின்றன. முன் பின் சக்கரங்களுக்கிடையே பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் இன்றைய கார்கள் பலவற்றில் அதனிடமே உள்ளது. ஃபியூஸைப் பிடுங்கினால் அந்தப் பங்கீடும் போய், பிரேக் மிதிக்கும்போது எடை முன்பக்கம் சாய்ந்து இலேசான பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளக்கூடும். பிறகு கார் பம்பரமாகச் சுற்றும். அருகில் கூம்பு எடுத்துவைக்கும் தன்னார்வலர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் இவை ஏதுமில்லாமல்தானே ஓட்டினார்கள்?

பதில்: ஓட்டினார்கள், அந்தக் கார்கள் பலவற்றில் பிரேக் விசையைப் பங்கிட இயந்திர வால்வு இருந்தது. உங்கள் காரில் அது இல்லாதிருக்கலாம். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்; காத்திருப்பவர்கள் பலர்.

கேள்வி: ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினால்?

பதில்: வெட்டாதீர்கள். ஏர் ஃபில்டர், சைலன்ஸர், ஸ்பிரிங், பெரிய சக்கரம் ஆகிய எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன ஒரே பதில்தான்.

கேள்வி: விபத்து நேர்ந்தால் காப்பீடு பணம் தருமா?

பதில்: பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. உங்கள் பாலிசியைப் படித்துவிட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இங்கே கேட்டுப் பயனில்லை.

கேள்வி: உயரமான எஸ்யூவி கொண்டுவரலாமா?

பதில்: கவிழும் அபாயம் கருதி, உயரத்தையும் இடது வலது சக்கரங்களின் இடைவெளியையும் ஒப்பிட்டுப் பல அமைப்புகள் மறுத்துவிடும். பதிவு செய்யுமுன் கேளுங்கள்.

கேள்வி: முன்சக்கர இயக்கக் கார். எவ்வளவு திருப்பினாலும் நேராகவே போகிறது.

பதில்: ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவதுதான் நோயை வளர்க்கிறது. டயரின் பிடி ஒரே கையிருப்பு. பிரேக்குக்கு முழுவதையும் செலவிட்டுக்கொண்டே திருப்பச் சொன்னால் அது கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. நேராக இருக்கும்போதே பிரேக் அடித்து முடியுங்கள். வளைவில் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைச் சிறிது தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் சிறிது நேராக்கினால் பிடி திரும்பும். வழியையும் அகலமாக்குங்கள்: ஈர்ப்பு விசையில் 0.8 பங்கு பக்கவாட்டுப் பிடி தரும் டயரோடு 20 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் போகலாம். அதே வளைவை 25 மீட்டர் ஆரமாக விரித்து எடுத்தால் 50 போகலாம். பணம் கொடுத்து வாங்கும் உதிரிபாகம் எதுவும் இதை இலவசமாகத் தராது.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைப்பது? காருக்குள் வைத்திருக்கும் சிறு பம்பு போதுமா?

பதில்: கதவோரம் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் 32 பிஎஸ்ஐ என்றிருந்தால், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் 36 அளவில் தொடங்குங்கள். டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பகுதி பக்கவாட்டுச் சுவரோடு சேரும் இடத்தில், சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டம் முடிந்து வந்து பாருங்கள். கோடு பக்கவாட்டுச் சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்றைக் கூட்டுங்கள். தோளின் விளிம்பையே எட்டாமல் முழுதாக நின்றால் குறைத்துப் பாருங்கள். சூடேறும்போது அழுத்தம் தானாக ஏறும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அளக்க வேண்டும். நிறுத்தியவுடன் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், இன்ஜினை அணைத்துக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடான பிரேக் ஒரே இடத்தில் இறுகி நிற்பது நல்லதன்று. சிறு பம்பு தாராளமாகப் போதும். ஆனால் ஓடும்போது அது காருக்குள் இருக்கக் கூடாது, டிக்கியிலும் கூடாது. இறக்கித் தரையில் வைத்துவிட்டுப் போங்கள்.