எம்பரர் ஏஞ்சல் மீன் இரை எடுக்காவிட்டால் மருந்து ஊற்றலாமா?

கேள்வி: மூன்று அங்குல எம்பரர் ஏஞ்சல் குஞ்சை வாங்கி நாலடி கடல்நீர்த் தொட்டியில் விட்டேன். நான்கு நாளாக இரை எடுக்கவில்லை. கடைக்காரர் செம்பு மருந்து போடச் சொல்கிறார். தொட்டி அளவுக்குத்தான் வளரும், ஆறு மாதத்தில் மஞ்சள் கோடு வந்துவிடும் என்கிறார். நம்பலாமா?

பதில்: மருந்து வேண்டாம். உடம்பில் ஒட்டுண்ணி நோயைக் காட்டும் வெள்ளைப் புள்ளி இல்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் பெரும்பாலும் அது புது இடத்து மிரட்சிதான். பட்டினி கிடக்கும் மீனுக்குச் செம்பு போட்டால் இருக்கிற பசியும் போய்விடும். தொட்டியில் இறால், நத்தை இருந்தால் அவையும் சாகும்.

விளக்கைக் குறையுங்கள். ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்கு இருக்கட்டும். பவளப்பாறையில் கடற்பஞ்சைக் கொறித்துத் தின்னும் மீன் இது. உருண்டைத் தீவனத்தை இரை என்றே அதற்குத் தெரியாது. சந்தையில் மட்டி வாங்கி, ஓட்டைப் பிளந்து, சதையோடு பாறைமேல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கெடும். கொறிக்கத் தொடங்கியதும் மைசிஸ் என்ற பொடி இறால், கடற்பாசித் தாள், கடற்பஞ்சு கலந்த தீவனம் என்று பழக்கலாம்.

தொட்டி அளவுக்கு வளரும் என்பது வியாபாரப் பேச்சு. இந்த மீன் 40 செ.மீ. வரை வளரும், 800 லிட்டராவது வேண்டும். குஞ்சின் நீல வளையங்கள் போய், வளர்ந்த மீனுக்குரிய மஞ்சள் கோடு முழுதாக வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

நாலடித் தொட்டிதான் வசதி என்றால் குள்ள ஏஞ்சல் இனங்கள் இருக்கின்றன. கோரல் பியூட்டி 10 செ.மீ. தான் வளரும், பெரும்பாலும் நன்றாகச் சாப்பிடும். அதற்காகக் குள்ள ஏஞ்சல் எல்லாமே சுலபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி மஞ்சள், பாதி நீலமாக இருக்கும் பைகலர் பார்க்க அழகு, ஆனால் இரைக்குப் பழகாமலே செத்துப்போவது அதிகம். எந்தக் குள்ள ஏஞ்சலையும் ஒரு தொட்டியில் ஒன்றாக மட்டும் வளர்ப்பதே நல்லது. இரண்டு விட்டால் சண்டை போடும்.

இனி எந்த ஏஞ்சலும் உங்கள் கண்முன் சாப்பிட்ட பிறகு காசு கொடுங்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் சயனைடு அடித்து மீன் பிடிப்பது சட்டவிரோதம், இன்னும் நிற்கவில்லை. அப்படிப் பிடித்த மீன் வெளியில் பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளுறுப்பு கெட்டிருக்கலாம். எத்தனை பெட்டி, எவ்வளவு வரி என்பதற்கெல்லாம் காகிதம் வைத்திருக்கும் இடைத்தரகர்களிடம் இந்த மீனை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் ஏற்பாடு எப்போது வரும்?

பெரிய தொட்டிக்கு மாற்றும்போது வலை போடாதீர்கள். செவுள் மூடியில் உள்ள முள் வலையில் மாட்டிக் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.