ராட்சசனுக்குக் கட்டில் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஐந்து வயது. தினமும் ராத்திரி கதை சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஒரு வரி சொன்னால் மூன்று கேள்வி. "ராட்சசனுக்கு அம்மா உண்டா? அவனுக்குக் கட்டில் போதுமா?" எனக்குக் கோவையாகச் சொல்லவும் வராது. போனில் ஒலிக்கதையோ கார்ட்டூனோ போட்டால் வாய் திறக்காமல் இருக்கிறான். அதையே போட்டுவிடலாமா? படம் காட்டாமல் சொன்னால்தான் கற்பனை வளரும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

"ராட்சசன் தூங்கினான்" என்று மட்டும்தான் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்கள் மகன் அதற்குள் ஓர் அறையைக் கட்டி, கட்டிலைப் போட்டு, ராட்சசனைப் படுக்கவைத்து, கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டான். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. நீங்கள் தொந்தரவு என்று நினைப்பதைத்தான் நான் கதை கேட்பது என்பேன்.

வாய் திறக்காமல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1986இல் பேட்ரிசியா கிரீன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் பிள்ளைகளுக்கு வானொலி வடிவிலும் தொலைக்காட்சி வடிவிலும் கதைகளைக் கொடுத்தார்கள். முடிவுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, "மிச்சத்தை நீயே சொல்" என்றார்கள். காதால் மட்டும் கேட்டபோது, கதையில் இல்லாத புதிய ஆட்களும் நிகழ்ச்சிகளும் அதிகமாக வந்தன.

அதற்காகப் படமே ஆகாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஜான் ஹட்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் குழு, நான்கு வயதை ஒட்டிய 27 பிள்ளைகளுக்குக் கதைகளை வெறும் ஒலியாகவும், அசையாத படத்தோடும், கார்ட்டூனாகவும் கொடுத்து, அப்போது மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. வெறும் ஒலியைப் பின்தொடர அந்த வயதில் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். கார்ட்டூனில் கண்ணுக்கு வேலை இருந்தது. ஆனால் மூளையில் மொழி, காட்சி, கற்பனை சார்ந்த பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு குறைந்தது. அசையாத படத்தைப் பார்த்துக்கொண்டே கதை கேட்டபோதுதான் எல்லாம் நன்றாகச் சேர்ந்து இயங்கின. சின்ன ஆய்வுதான், வேதவாக்கு இல்லை. ஆனாலும் காரணம் புரிகிறது. படத்தில் குதிரை நிற்கிறது. அதை ஓடவைக்கிற பொறுப்பு பிள்ளையுடையது. ஆகவே படப் புத்தகத்தைத் தாராளமாக மடியில் விரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கற்பனை அதிகம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930லேயே இதை மறுத்தார். கண்டதையும் தொட்டதையும் வைத்துத்தான் கற்பனை எழும்புகிறது, பிள்ளையிடம் அந்தச் சரக்கு குறைவு என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். கதையில் ராட்சசன் மரம் ஏறுகிறான் என்றால், பையன் ஒரு மரத்தின் பட்டையையாவது தடவிப் பார்த்திருக்க வேண்டும். பகலில் வெளியே அழைத்துப் போகாமல் ராத்திரிக் கதையிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது.

கோவையாகச் சொல்ல வராதது ஒரு குறையே இல்லை. வர்ணனையைக் குறையுங்கள். "காட்டுக்குள்ளே ஒரு வீடு" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். எத்தனை கதவு, யார் இருக்கிறார்கள் என்பதை அவனே ஆரம்பிப்பான். கேள்வி கேட்டால் "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேண்டாம். பரீட்சை வைக்கிறீர்கள் என்று சலித்துக்கொள்வான். சில சமயம் பட்டென்று பதில் சொல்லுங்கள்: "அம்மா உண்டு. ஆனா இவன் முழங்கால் உயரம்தான்." பிறகு அந்தக் குள்ள அம்மாவைக் கதைக்குள் கூட்டிவாருங்கள். நாளைக்கு நீங்கள் அவளை மறந்தால் அவன் விடமாட்டான். முடிந்ததும் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உடம்பு அசந்துபோன நாளில் ஒலிக்கதையைப் போடுங்கள், அதில் தப்பில்லை. முடிந்தால் பக்கத்தில் படுத்துக் கேளுங்கள். நடுவில் ஏதாவது கேட்டான் என்றால் போனை நிறுத்திவிட்டு அவனோடு பேசுங்கள். மிச்சக் கதையை மறுநாள் கேட்கலாம்.

அன்புடன்.