ஸ்க்ரோலுக்கு அசையும் பக்கம் வேலை வாங்கித் தருமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஸ்க்ரோல் செய்யச் செய்யப் படங்கள் மெல்லத் தெளிந்து வரும் ஒரு வலைப்பக்கத்தோடு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதாகவும், அது படிப்பா விளையாட்டா என்று உங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது விளையாட்டு இல்லை. ஆனால் அந்த ஒன்றை மட்டும் பார்த்து யாரும் வேலை கொடுக்கவும் மாட்டார்கள்.

அவர் அனுப்பிய பக்கத்தை என் பழைய கைபேசியில் திறந்தேன். நான்காவது படம் வரும்போது பக்கம் திக்கித் திக்கி நகர்ந்தது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒருமுறை வரையப்படும் காட்சிக்கு, கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடிதான். அதற்குள், பக்கத்தை இயக்க அவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒவ்வொரு ஸ்க்ரோல் அசைவுக்கும் எல்லாப் படங்களின் இடத்தையும் அளந்து, உயரத்தையும் மாற்றுவதால், உலாவி பக்கத்தின் அமைப்பையே திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது. உயரத்தைத் தொடாமல், படத்தை நகர்த்தியோ பெரிதாக்கியோ காட்டும் டிரான்ஸ்ஃபார்ம், அது எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் ஒபாசிட்டி ஆகிய இரண்டை மட்டும் மாற்றினால் அந்தச் சுமை பெருமளவு குறையும். படம் திரைக்குள் வந்துவிட்டதா என்று அறிய 2016 முதலே குரோமில் இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் என்ற வசதி இருக்கிறது. 2023-இல் வந்த குரோம் 115 முதல், ஸ்க்ரோலோடு அசைவை இணைப்பதை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழி மட்டுமே செய்துவிடும். எல்லா உலாவிகளிலும் அது ஒரே சமயத்தில் வரவில்லை என்பதால், இல்லாத இடத்தில் பக்கம் அசையாமல், ஆனால் முழுமையாகத் தெரியும்படி எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திப் பார்த்தபோது அவருடைய பக்கத்தில் தொடர்பு முகவரி உட்படப் பாதி வெறுமையாக இருந்தது.

இன்னொன்று, இத்தகைய அசைவுகள் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். அசைவைக் குறைக்கும்படி தம் கருவியில் அமைத்திருப்பவர்களுக்கு அவற்றை நிறுத்திவைக்க சிஎஸ்எஸ்ஸில் தனி வசதி உண்டு. அதை எழுதியிருக்கும் மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

அனிமேஷனுக்கென்று தனிப் பயிற்சி வகுப்பில் பணம் கட்ட வேண்டாம். வலைத் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்.டி.என். தளத்தின் ஆவணங்கள் இலவசம், அசைவுகளை உருவாக்கப் பலர் பயன்படுத்தும் ஜிசாப் என்ற நிரல் நூலகமும் 2025-இல் முழுவதும் இலவசமாகிவிட்டது. அந்த நேரத்தை ஜாவாஸ்கிரிப்டின் அடிப்படைக்கும், பிறகு வலைப்பக்கங்களைக் கட்டமைக்க உதவும் ரியாக்ட் நூலகத்துக்கும் அவர் செலவிடட்டும். கல்லூரித் தேர்வுகளையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் நிறுவனங்கள் கல்லூரியிலேயே ஆளெடுக்கும் வளாகத் தேர்வில் முதல் வடிகட்டி பெரும்பாலும் மதிப்பெண்தான்.

பக்கத்தைத் திருத்தி ஆறு வாரத்தில் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திக்கிய பழைய வடிவத்தை அழித்துவிட வேண்டாம். நேர்காணலில் முதலில் அதைத் திறந்து காட்டிவிட்டுத்தான், எங்கே எதை ஏன் மாற்றினேன் என்று அவர் பேசத் தொடங்க வேண்டும்.