மெய்தானிந்தா: நடுவில் அந்த 'ன்' எதற்கு?

கேள்வி: வேலைக்காக இஸ்தான்புல் வந்து துருக்கி மொழி படிக்கிறேன். 'தக்சிமில்' என்பதற்குத் தக்சிம்தே. ஆனால் 'தக்சிம் சதுக்கத்தில்' என்றால் தக்சிம் மெய்தானிந்தா. நடுவில் வரும் 'ன்' உடம்படுமெய்யா, அதாவது இரண்டு உயிர்களை இணைக்க இடையில் வரும் மெய்யா?

பதில்: தமிழ் படித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இது உடம்படுமெய் இல்லை. அங்காரா என்ற பெயரும் உயிரில்தான் முடிகிறது, ஆனாலும் 'அங்காராவில்' என்பது அங்காராதா. அங்கே 'ன்' வரவில்லை. உடம்படுமெய் பார்க்க வேண்டுமென்றால் 'அங்காராவுக்கு' என்று சொல்லிப் பாருங்கள்: அங்காராயா. அந்த 'ய்'தான் அது.

மெய்தான் என்றால் சதுக்கம். தக்சிம் மெய்தானி என்பது 'தக்சிம், அதன் சதுக்கம்' என்பது போன்ற கட்டமைப்பு. கடைசி இகரம் 'அதன்' என்னும் உடைமை விகுதி. இந்தப் படர்க்கை விகுதிக்குப் பின்னால் வேற்றுமை உருபு வந்தால் இடையில் 'ன்' நுழையும். கலாத்தா பாலமும் அப்படியே: கோப்ரு என்றால் பாலம், கலாத்தா கோப்ருசு (இங்கே உடைமை விகுதி 'சு'), கலாத்தா கோப்ருசுந்தே.

நம் இலக்கணத்தில் இதற்குப் பக்கத்தில் வருவது, சொல்லுக்கும் உருபுக்கும் இடையில் வரும் சாரியை. அது + அன் + ஐ = அதனை. துருக்கியிலும் சுட்டுப்பெயர்களுக்கு இதே 'ன்' உண்டு: பு என்றால் இது, புனு என்றால் இதனை. இதை வைத்து இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நினைவில் வைக்க உதவும், அவ்வளவுதான். அதே துருக்கிய குடும்பத்து உஸ்பெக்கிலேயே 'அவர் வீட்டில்' என்பது உயிதா, 'ன்' கிடையாது.

விகுதிகளின் வரிசை மாறாது: பன்மை, உடைமை, வேற்றுமை. எவ் என்றால் வீடு; எவ்-லெர்-இம்-தே, 'என் வீடுகளில்'.

சரி, உண்மையில் தடுமாற வைப்பது எவிந்தே. எவ்-இன்-தே என்று பிரித்தால் 'உன் வீட்டில்'. எவ்-இ-ன்-தே என்று பிரித்தால் 'அவர் வீட்டில்'. ஒலியிலும் எழுத்திலும் வித்தியாசமே இல்லை. துருக்கியர்கள் சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். குழப்பம் வரும் என்றால் முன்னால் செனின் (உன்) அல்லது ஓனுன் (அவருடைய) சேர்ப்பார்கள். பேசப் பழகும்வரை நீங்களும் அதைச் சேர்த்தே சொல்லுங்கள்; கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கும், ஆனால் யார் வீடு என்பதில் சந்தேகம் வராது.