ஃபிளைக்கு வாசனை பூசினால் ட்ரவுட் கடிக்குமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, இப்போதுதான் ஃபிளை (கொக்கியில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரிச் செய்த பொய் இரை) தூண்டில் பழகுகிறேன். நுவரெலியாப் பக்கத்து ஓடையில் ட்ரவுட் மீன் கிட்ட வரைக்கும் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. மாமா மண்புழு போட்டால் சட்டென்று கடிக்கிறது. ஃபிளையை மாசிக் கருவாட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் சரிவருமா? இல்லை, வெளிநாட்டு வாசனை ஜெல் வாங்கலாமா? கூட்டாளி ஒருவர் பெருஞ்சீரக எண்ணெய் போடச் சொல்கிறார்."

ஓடையில் ட்ரவுட்டுக்கு இது எதுவுமே வேண்டாம் தம்பி. அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அது உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ட்ரவுட்டுக்கு மூக்கு மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், பிடித்த மீனைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். முன் துளையில் தண்ணீர் புகுந்து, உள்ளே இருக்கிற மடிப்பு மடிப்பான சவ்வைத் தொட்டுக்கொண்டு பின் துளையால் வெளியேறும். அந்த மூக்குக்கும் மூச்சுக்கும் தொடர்பே கிடையாது, மணம் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. இதே குடும்பத்துச் சால்மன் மீன், கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்புவது அந்த ஆற்றுத் தண்ணீரின் மணத்தை வைத்துத்தான். ஆகவே மூக்கில் குறை ஒன்றும் இல்லை. கேள்வி என்னவென்றால், உங்கள் ஃபிளையின் மணம் அந்த மூக்குக்கு எப்போது போய்ச் சேரும்?

ஓடையில் மணம் தண்ணீரோடுதான் போகும். நீங்கள் போடுகிற ஃபிளையும், நூல் இழுக்காமல், தண்ணீர் போகிற போக்கிலேயே வர வேண்டும், அதுதானே முறை. இரண்டுக்கும் ஒரே வேகம். அப்படியென்றால் ஃபிளையின் மணம் ஃபிளையை முந்திக்கொண்டு மீனிடம் போகவே முடியாது, ஃபிளை வந்து சேரும்போதுதான் மணமும் வரும். அதற்குள் மீன் தூரத்திலேயே கண்ணால் பார்த்து, எழும்புவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடும். மாமாவின் புழு அப்படியில்லை. அது ஈயக்குண்டோடு அடியில் ஒரே இடத்தில் கிடக்கிறது, தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டே கீழே ஓடுகிறது, கீழே நிற்கிற மீன் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வரும். போதாததற்குப் புழு மெத்தென்று உயிரோடு நெளிகிறது, வாயில் எடுத்த மீனுக்குத் துப்பத் தோன்றாது. மாமா பிடிப்பதற்கு இதுதான் காரணம், அதே மணத்தை உங்கள் ஃபிளையில் ஏற்றினால் அதே பலன் வந்துவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மீன் கிட்ட வந்து திரும்பியது என்கிறீர்கள். அப்படியென்றால் ஃபிளை அதன் கண்ணில் பட்டிருக்கிறது, ஆசையும் வந்திருக்கிறது, கடைசி நேரத்தில் எதுவோ சரியில்லை என்று விட்டுவிட்டது. அந்த 'எதுவோ' பெரும்பாலும் இழுபடுதல்தான். அடுத்த முறை ஃபிளைக்குப் பக்கத்தில் மிதக்கிற நுரையையோ ஒரு காய்ந்த இலையையோ பாருங்கள். நுரையைவிட ஃபிளை கொஞ்சம் வேகமாகப் போனாலும் சரி, பின்தங்கினாலும் சரி, நடுவில் ஓடுகிற வேகத் தண்ணீர் உங்கள் நூலைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். நூல் விழுந்தவுடன் கோலை லேசாகத் தூக்கி, நூலின் வளைவை மேல்பக்கமாக எறிந்துவிடுங்கள். ஃபிளையைக் கட்டுகிற நுனி இழையான டிப்பெட்டை இன்னும் ஒரு முழம் நீட்டுங்கள், 4எக்ஸ் கட்டியிருந்தால் அதைவிட மெல்லிய 6எக்ஸுக்கு இறங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஃபிளையின் அளவைக் குறையுங்கள், 12ஆம் இலக்கம் போட்ட இடத்தில் 16 போட்டுப் பாருங்கள். நம் மலையோடைகளில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது இந்த மூன்றுக்கும் கிடைக்கிற பலனில் பாதிகூட எந்த ஜெல்லிலும் கிடைக்காது.

அப்படியானால் வாசனைப் பொருளில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. கடித்த பிறகு. ட்ரவுட்டின் உதட்டிலும் வாய்க்குள்ளும் சுவை அறிகிற மொட்டுகள் இருக்கின்றன, இறகையும் நூலையும் வாயில் எடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் துப்பிவிடும். இரையின் சுவை இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் வைத்திருக்கும். அது நல்லதுதானே என்று தோன்றும், எனக்கு அது நல்லதாகப் படவில்லை. அதிக நேரம் வைத்திருக்கிற மீன் ஆழமாக விழுங்கும், கொக்கி உதட்டை விட்டுத் தொண்டையிலோ செவுளிலோ ஏறும், அப்படிப்பட்ட மீனைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் முட்டையாகக் கொண்டுவந்து விட்ட மீன் இது, நம் மலையில் இதற்குத் தேவையான குளிர்ந்த தண்ணீர் கொஞ்ச இடங்களில்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் தொண்டையில் கொக்கி ஏற்றிக் கொல்ல வேண்டாம்.

தண்ணீரின் மேல் மிதக்கிற டிரை ஃபிளைக்கு ஜெல் பூசுவது சுத்தமாகவே தப்பு. அது மிதப்பதே சேவல் கழுத்து இறகின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக விரிந்து நிற்பதால்தான். ஜெல் தடவினால் அத்தனையும் ஒட்டிக்கொண்டு மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஆகி முங்கிவிடும். வாத்தின் வாலடி எண்ணெய்ச் சுரப்பிப் பக்கத்து இறகில் கட்டியது என்றால் இன்னும் மோசம், ஒரு தடவை பிசுபிசுத்தால் அது பழைய நிலைக்கு வருவது அரிது. பெருஞ்சீரக எண்ணெய்க்கு வேறு பிரச்சினை: எண்ணெய் தண்ணீரில் கரையாது. மீனின் மூக்கு பிடிப்பது கரைகிற பொருளைத்தான், முக்கியமாக அமினோ அமிலங்களை. அந்தக் கணக்கில் உங்கள் மாசித் தண்ணீர்தான் மேல், ஆனால் சீக்கிரம் கரைகிறது சீக்கிரமே கழுவுண்டும் போகும். நாலு தரம் காற்றில் வீசி, நாலு தரம் தண்ணீரில் போட்டால் முடிந்தது.

மணத்தைச் சேர்ப்பதைவிடக் கெட்ட மணத்தைத் தவிர்ப்பதில் அக்கறை காட்டுங்கள். மழைக்காலத்தில் ஓடைக்குப் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சித்தாலேப பாமோ டெட்டோலோ சவர்க்காரமோ பூசிக்கொண்டு, அதே கையால் ஃபிளையைக் கட்டுகிறோம். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் அடித்த கையும் அப்படித்தான். கனடாவில் 1954இல் ஒரு ஆய்வு வெளிவந்தது: மனிதர் கை கழுவிய தண்ணீரை ஓட்டத்தின் மேல்பக்கத்தில் ஊற்றியபோது, எதிரே ஏறிக்கொண்டிருந்த சால்மன்கள் மிரண்டு பின்வாங்கின. நம் தோலில் இருக்கிற செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அது இடம்பெயர்கிற சால்மன், இரை எடுக்கிற ட்ரவுட் அதே அளவுக்கு மிரளும் என்று நான் சொல்ல மாட்டேன், என்றாலும் ஓடைக்கரை மண்ணும் தண்ணீரும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கட்டுவதில் செலவு ஒன்றும் இல்லையே. அப்புறம், டீட் கலந்த நுளம்பு மருந்து பூசியிருந்தால் கட்டாயம் கழுவுங்கள், அது ஃபிளை நூலின் மேல்பூச்சையே கரைத்துவிடும்.

கலங்கல் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பெரிய மழை பெய்தால் கரட், லீக்ஸ் பாத்திகளின் மண்ணெல்லாம் ஓடைக்கு வந்து தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், அப்போது மீனுக்குக் கண் உதவாது. அங்கேயும் நான் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய ஸ்ட்ரீமரைத்தான் (சின்ன மீன் மாதிரிக் கட்டி, தண்ணீருக்குள் இழுக்கிற ஃபிளை) கட்டுவேன், அது தள்ளுகிற தண்ணீரின் அதிர்வை மீன் தன் உடம்பின் பக்கவாட்டில் ஓடுகிற உணர்வுக் கோடான பக்கக்கோட்டால் உணர்ந்துகொள்ளும். ஸ்ட்ரீமரை ஓட்டத்துக்குக் குறுக்கே பிடித்து நிறுத்தும்போது தண்ணீர் அதைக் கடந்து ஓடுவதால் மணமும் கீழே போகும், உண்மைதான். வாசனைக்கு ஓடையில் நியாயம் இருக்கிற ஒரே இடம் அது.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே உரிய அனுமதி இல்லாமல் தூண்டிலே போடக்கூடாது. மற்ற இடங்களில் ஃபிளை மட்டும் என்று விதி இருந்தால், வாசனை பூசியதும் ஃபிளைதானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மணம் சேர்த்த ஃபிளை, விதிப்படி ஃபிளையே இல்லை.

ஜெல்லை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் வீசிவிடத் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. தண்ணீர் நிற்கிற இடத்தில் மணம் தங்கும். கெண்டை அடியைக் கிளறி, மீசையாலும் வாயாலும் சுவைத்துப் பார்த்துத்தான் தின்னும், அதற்கு வாசனை நிச்சயம் உதவும். அங்கேகூட ஃபிளையில் பூசுவதைவிடப் பாண் உருண்டையில் கலந்து சாதாரணத் தூண்டிலில் போடுவதே மேல். பூசிய ஃபிளை ஏதாவது மிச்சம் இருந்தால் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், மாசித் தண்ணீரில் நனைத்ததென்றால் அதிலுள்ள உப்பு கொக்கியைத் துருப்பிடிக்க வைக்கும், எறும்பும் கரப்பானும் வந்து பக்கத்தில் இருக்கிற நல்ல ஃபிளைகளின் இறகையும் சேர்த்துத் தின்றுவிடும்.